ஃபியூஸ் எல்லாம் சரி, பேட்டரி மட்டும் மூன்று இரவில் இறங்குகிறது

கேள்வி: 12 அக்டோபர் 2022, காலை

தூத்துக்குடியில் இருக்கிறேன். 2012-ஆம் ஆண்டு பெட்ரோல் கார், சிறியது, பழையதாக வாங்கியது. தினமும் ஓட்டினால் தொல்லை இல்லை. மூன்று இரவு சும்மா நின்றால் மறுநாள் காலை செல்ஃப் எடுக்காது. டக் டக் என்று சத்தம் மட்டும் வரும். பதினான்கு மாதங்களில் இரண்டு பேட்டரி மாற்றியாகிவிட்டது. எலக்ட்ரீஷியன், வண்டி ஓடும்போது பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் டைனமோவைக் கழற்றிப் பிரித்துச் சரிசெய்து 3,800 ரூபாய் வாங்கினார். பிறகும் அதே கதை. ஃபியூஸ் ஒவ்வொன்றையும் பிடுங்கி வெளிச்சத்தில் பார்த்தேன், ஒன்றுகூடப் போகவில்லை. ஆகவே வயரிங்கில் கோளாறு இல்லை என்பது உறுதி. இப்போது வருகிற பேட்டரிகளே சரியில்லை என்பது என் முடிவு. மறுப்பவர் உண்டா?

பதில்: 12 அக்டோபர், இரவு

மறுக்கிறேன். ஃபியூஸ் வாசலில் படுத்திருக்கும் நாயைப் போன்றது. கதவை உடைத்துக்கொண்டு வருபவனைப் பார்த்துக் குரைக்கும். அடுக்களையில் எலி அரிசி தின்பது அதன் கணக்கில் வராது. 10 ஆம்பியர் ஃபியூஸ் வழியாக அரை ஆம்பியர் இரவு பகலாகக் கசிந்தாலும் அது பளபளவென்று புதிதாகவே இருக்கும். நீங்கள் வெளிச்சத்தில் பார்த்ததில் தெரிந்தது ஒன்றே ஒன்று: எங்கும் ஷார்ட் இல்லை. கசிவு இல்லை என்று அதற்குப் பொருள் கிடையாது.

கணக்கு இது. உங்கள் பேட்டரி 35 ஆம்பியர்-மணியாக இருக்கும், அதாவது ஒரு ஆம்பியர் வீதம் 35 மணி நேரம் தரும். அது முழுவதும் காலியாகும்வரை செல்ஃப் மோட்டார் காத்திருக்காது. கிளம்பும் நொடியில் அதற்கு 100 ஆம்பியருக்கு மேல் வேண்டும். பாதி இறங்கினாலே டக் டக். ஆக உங்கள் கையில் இருப்பது ஏறக்குறைய 17 ஆம்பியர்-மணி. அரை ஆம்பியர் கசிவு அதை முப்பத்தைந்து மணி நேரத்தில் தின்றுவிடும்.

டைனமோவை எதற்குப் பிரித்தார் என்பதுதான் விளங்கவில்லை. ஓடும்போது சார்ஜ் ஏறுகிறது, நிற்கும்போது இறங்குகிறது. திருட்டு நடப்பது இரவில். அவர் பிடித்து உதைத்தது பகல் காவலாளியை. 3,800 ரூபாய் தண்டம்.

13 அக்டோபர்

கசிவை அளப்பது எப்படி என்று கேட்டிருக்கிறீர்கள். நான் மெக்கானிக் இல்லை. பள்ளி விடுமுறைகளில் திண்டுக்கல்லில் மாமாவின் ஆட்டோ எலக்ட்ரிகல் கடையில் எடுபிடியாக இருந்தவன், பிழைப்பு வேறு. மாமாவின் கைப்பக்குவத்தில் பாதிதான் எனக்கு வந்தது. வாய் மட்டும் முழுதாக வந்துவிட்டது.

டிஜிட்டல் மீட்டர் 500 ரூபாய்க்குக் கிடைப்பது போதும். சிவப்பு வயரை 10 ஆம்பியர் என்று எழுதிய துளையில் செருகுங்கள். பேட்டரியின் மைனஸ் முனையைக் கழற்றி, முனைக்கும் கழற்றிய வயருக்கும் இடையில் மீட்டரைப் பிடியுங்கள். காருக்குள் போகிற கரண்ட் முழுவதும் இப்போது மீட்டர் வழியாகத்தான் போயாக வேண்டும்.

அளக்கும் முன் கதவு ஒன்றைத் திறந்து வைத்து, அதன் பூட்டு நாக்கை ஸ்க்ரூடிரைவரால் மடக்கி விடுங்கள். கதவு மூடியிருப்பதாகக் கார் நம்பும். சாவியைத் தூரத்தில் வையுங்கள். உடனே தெரியும் எண்ணை நம்ப வேண்டாம். உள்ளே இருக்கும் கம்ப்யூட்டர்கள் குழந்தைகள் மாதிரி, விளக்கை அணைத்ததும் தூங்கிவிடாது. அரை மணி நேரம் விடுங்கள். அதன் பிறகு 0.05 ஆம்பியருக்குக் கீழே இருந்தால் நான் தோற்றேன், பேட்டரிக் கடைக்காரரோடு நீங்கள் சண்டைக்குப் போகலாம்.

மீட்டர் இடையில் இருக்கும்போது யாரும் சாவியைத் திருப்பக் கூடாது. இது பட்டறிவு. மாமா கடையில் முள் வைத்த பழைய அம்மீட்டர் ஒன்று இருந்தது. அதைத் தொடுத்து வைத்துவிட்டு டீ வாங்கப் போனேன். வண்டிக்காரர் வந்தார், செல்ஃப் அடித்தார். முள் வலது ஓரத்தில் மோதி வளைந்தது, கடைசிவரை நேராகவில்லை. அதற்கப்புறம் அந்த மீட்டர் காட்டுவதில் இரண்டைக் கழித்துக்கொள்ள வேண்டும் என்று கடையில் ஒரு வழக்கமே உருவாகிவிட்டது.

15 அக்டோபர்

0.41 ஆம்பியர் என்று எழுதியிருக்கிறீர்கள். பேட்டரிக் கம்பெனிகளிடம் மன்னிப்புக் கேளுங்கள்.

இந்த எண்ணைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. 12 வோல்ட்டில் 5 வாட் பல்பு எரிந்தால் எவ்வளவு இழுக்கும்? ஐந்தைப் பன்னிரண்டால் வகுங்கள்: 0.42. உங்கள் டிக்கி விளக்கு அணைவதே இல்லை. மூடியை மூடியதும் அணைய வேண்டிய சுவிட்ச் துருப்பிடித்து ஒட்டிக்கொண்டிருக்கும். தூத்துக்குடி உப்புக் காற்றுக்கு அது பெரிய வேலையே இல்லை. பல்பைக் கழற்றிவிட்டு மறுபடி அளந்து பாருங்கள். விஷயம் முடிந்தது.

16 அக்டோபர்

முடியவில்லை. கேள்வி கேட்ட நண்பர் கைபேசியில் வீடியோவை ஓடவிட்டு டிக்கிக்குள் வைத்து மூடியிருக்கிறார். கும்மிருட்டு. முன் இருக்கைக்கு எதிரே உள்ள பெட்டியிலும் அதே சோதனை, அதே இருட்டு. பல்புகளைக் கழற்றியும் 0.41. எண் பொருந்திவிட்டால் காரணமும் பொருந்திவிட்டதாக நினைத்துக்கொள்வது எனக்குப் பழைய நோய். பக்கத்து வீட்டு எண்ணும் 41 என்றால் அங்கேயும் போய்க் கதவைத் தட்டியிருப்பேன்.

பாட்டுப் பெட்டியாக இருக்கும் என்று தனியாக எழுதியிருந்தேன். அதையும் கழற்றிவிட்டாராம், மாற்றமில்லை. அதையும் திரும்பப் பெறுகிறேன்.

இனி முறையாகப் போவோம். ஃபியூஸை ஒவ்வொன்றாகப் பிடுங்கி எண் இறங்குகிறதா என்று பார்ப்பது பழைய வழி. அதில் ஒரு சிக்கல்: பிடுங்கித் திரும்பச் செருகும்போது தூங்கிய கம்ப்யூட்டர் விழித்துக்கொள்ளும், மறுபடி அரை மணி நேரத் தாலாட்டு. அதைவிட நல்ல வழி, பிடுங்காமல் அளப்பது. ஃபியூஸின் தலையில் இரண்டு பொட்டு உலோகம் வெளியே தெரியும். மீட்டரை மில்லிவோல்ட்டில் வைத்து அந்த இரண்டையும் தொடுங்கள். கரண்ட் போகாத ஃபியூஸில் பூஜ்யம். போகிற ஃபியூஸில் சின்னதாக ஓர் எண். சிவப்பு நிற 10 ஆம்பியர் ஃபியூஸுக்கு 7, 8 மில்லி ஓம் தடை உண்டு; 0.41 ஆம்பியர் அதன் வழியாகப் போனால் 3 மில்லிவோல்ட் காட்டும். மஞ்சள் 20 ஆம்பியர் என்றால் தடை குறைவு, எண்ணும் குறைவு. உள்ளே இருக்கும் பெட்டி, பானட்டுக்குள் இருக்கும் பெட்டி, இரண்டையும் பார்க்க வேண்டும்.

18 அக்டோபர்

ஊருக்கு உபதேசம் செய்பவன் வீட்டில் என்ன நடக்கிறது என்றால்: நேற்று இரவு என் மனைவி என் காருக்குப் பின்னால் ஸ்கூட்டரில் வந்தாள். வீட்டுக்குள் நுழைந்ததும், "நீங்கள் பிரேக் பிடித்தால் இடது இண்டிகேட்டரும் மங்கலாக எரிகிறதே, அது புது மாடலா?" என்று கேட்டாள். போய்ப் பார்த்தேன். பிரேக் மிதித்தால் இடது பக்கம் பிரேக் விளக்கு அரைகுறையாக எரிகிறது, இண்டிகேட்டர் செக்கச் சிவந்த பொட்டாக ஒளிர்கிறது. இண்டிகேட்டரைப் போட்டால் பார்க்கிங் விளக்கும் சேர்ந்து துடிக்கிறது. எர்த், அதாவது கரண்ட் வண்டி உடம்பு வழியாகப் பேட்டரிக்குத் திரும்பும் இணைப்பு, போயிருக்கிறது, சந்தேகமே இல்லை. நேரம் கிடைக்கும்போது பார்க்க வேண்டும்.

19 அக்டோபர்

தூத்துக்குடி நண்பர் முப்பத்தி நான்கு ஃபியூஸையும் தொட்டுப் பார்த்துத் தாளில் அட்டவணை போட்டு அனுப்பியிருக்கிறார். கடிகாரத்துக்கும் பாட்டுப் பெட்டிக்கும் போகிற ஒன்றில் 0.1 மில்லிவோல்ட். மற்ற எல்லாம் பூஜ்யம். இந்தப் பொறுமை எனக்கு இருந்திருந்தால் மாமா கடையை எனக்கே எழுதி வைத்திருப்பார்.

அப்படியானால் 0.41 எந்த வழியாகப் போகிறது? ஃபியூஸ் பெட்டியைத் தொடாமல் போகிற வழி ஒன்று இருக்க வேண்டும். ஒன்று, கூடுதல் சாமான் விற்கும் கடையில் பேட்டரியிலிருந்து நேராக வயர் இழுத்துப் பொருத்திய ஏதாவது: பனி விளக்கு, இரட்டை ஹாரன், ரிவர்ஸ் கேமரா. முந்தைய உரிமையாளர் அப்படி எதையாவது வைத்திருக்கலாம். பேட்டரியின் பிளஸ் முனையில் எத்தனை வயர் இருக்கிறது என்று எண்ணுங்கள். இன்னொன்று, தடித்த வயர்கள்: செல்ஃப் மோட்டாருக்கு ஒன்று, டைனமோவுக்கு ஒன்று.

20 அக்டோபர்

பிளஸ் முனையில் கம்பெனி வயர்களைத் தவிர வேறில்லையாம். முதல் வழி அடைபட்டது.

டைனமோவைச் சோதிக்க ஒரு குறுக்கு வழி சொன்னேன், செய்திருக்கிறார். எஞ்சின் ஓடும்போது மீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்துப் பேட்டரி முனைகளில் பிடிக்க வேண்டும். டைனமோ உள்ளே உண்டாக்குவது மாற்று மின்னோட்டம்; கரண்டை ஒரே திசையில் மட்டும் விடும் டயோடுகள்தாம் அதை நேராக்குகின்றன. டயோடு ஒன்று செத்தால் அலை முழுதாக நேராகாது, ஏசி அரை வோல்ட் வரைகூடத் தெரியும். இவருக்கு 0.03. டிசி 14.2. இரண்டும் அருமை. ஆக டைனமோ நிரபராதி. அதைப் பிரித்த எலக்ட்ரீஷியனைப் பற்றி நான் முதல் நாள் சொன்னது உறுதியாகிறது.

மிச்சம் இருப்பது செல்ஃப் மோட்டார் வயர். அது எஞ்சினில் எங்காவது உரசிக்கொண்டிருக்கிறதா என்று பார்க்கச் சொல்லியிருக்கிறேன். எனக்கே அதில் பெரிய நம்பிக்கை இல்லை. அந்தத் தடி வயர் உரசினால் 0.41 ஆம்பியரோடு நாகரிகமாக நிறுத்திக்கொள்ளாது, புகைதான் வரும்.

23 அக்டோபர்

நாளை தீபாவளி, கடைகள் மூடல், நண்பர் மாமியார் வீட்டில். இடைவெளியில் எலியைப் பற்றி.

எலி வயரைக் கடிப்பது பசிக்காக அல்ல. அதன் முன்பற்கள் வாழ்நாள் முழுக்க வளர்ந்துகொண்டே இருக்கும், தேய்த்தாக வேண்டும். வயரின் மேலுறை அதற்கு வாகாக இருக்கிறது. எங்கள் தெருவில் ஆளுக்கு ஒரு வைத்தியம். பானட்டுக்குள் புகையிலை கட்டித் தொங்கவிடுபவர்கள் ஒரு கட்சி, நாப்தலின் உருண்டை போடுபவர்கள் இன்னொரு கட்சி. நான் புகையிலைக் கட்சியில் இருந்தேன். இரண்டு வாரம் கழித்துப் பார்த்தால் புகையிலைக் காம்பைப் பேட்டரிக்கு அருகில் இழுத்துப் போட்டு அதன்மேல் கூடு கட்டத் தொடங்கியிருந்தது. இப்போது இரவில் பானட்டைத் திறந்தே வைக்கிறேன். வெளிச்சமும் காற்றும் இருக்கும் இடத்தில் குடியேற அதற்குத் தயக்கம் என்று படுகிறது. பானட் விளக்கு உள்ள வண்டிக்காரர்கள் இதைச் செய்ய வேண்டாம். எலி தப்பும், பேட்டரி சாகும்.

கடித்த வயரை முறுக்கி டேப் சுற்றுவதோடு விடாதீர்கள். ஈயத்தால் பற்ற வைத்து, சூட்டில் சுருங்கும் குழாய் போடுங்கள். முறுக்கிய செம்பு ஒரு மழைக்காலம் தாண்டினால் பச்சை பூத்துவிடும். அப்புறம் அந்தப் பச்சை உறைக்குள்ளேயே ஊர்ந்துபோகும்.

25 அக்டோபர், நள்ளிரவு

தூக்கம் வரவில்லை. பட்டாசுச் சத்தம் ஒரு காரணம். இன்னொரு காரணம், முதல் நாள் நானே போட்ட கணக்கு.

17.5-ஐ 0.41-ஆல் வகுத்தால் 43 மணி நேரம். அதாவது இரண்டு இரவுகூட முழுதாகத் தாங்கக் கூடாது. ஆனால் அவர் கேள்வியின் முதல் வரிகளிலேயே மூன்று இரவு என்றுதானே எழுதியிருக்கிறார்? இரண்டு இரவு நின்றாலும் கிளம்பிவிடுகிறது என்று நடுவில் ஒருமுறை சொன்னார். நான் அதைக் காதில் வாங்கவில்லை. எழுபது மணி நேரத்துக்கு மேல் தாங்குகிறது என்றால் சராசரிக் கசிவு 0.25-க்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். மீட்டர் காட்டியதோ 0.41.

மீட்டர் பொய் சொல்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். அல்லது கசிவு எப்போதும் ஒரே அளவில் இல்லை. அவர் எப்போது அளந்தார்? வேலையிலிருந்து வந்து வண்டியை நிறுத்தி, பானட்டைத் திறந்து, அரை மணி நேரம் கழித்து. அப்போது எஞ்சின் கொதித்துக்கொண்டிருக்கும்.

விடியற்காலையில் ஒருமுறை அளக்கச் சொல்லியிருக்கிறேன். வண்டியைத் தொடாமல், குளிர்ந்த நிலையில்.

27 அக்டோபர்

காலை ஐந்தரை மணிக்கு: 0.19. பிறகு இருபது கிலோமீட்டர் ஓட்டி வந்து அரை மணி நேரம் விட்டு அளந்தது: 0.43. ஒரு மணி நேரத்துக்குப் பின் 0.33. மதியம் 0.24.

பல்பாக இருந்தால் எஞ்சின் சூட்டைப் பற்றி அதற்கு என்ன கவலை? ரிலே என்கிற மின்காந்தச் சுவிட்சின் சுருளாக இருந்தால் சூட்டில் தடை கூடிக் கரண்ட் குறைய வேண்டும். உப்பும் ஈரமும் சேர்ந்த பாசியாக இருந்தால் சூட்டில் காய்ந்து குறையும், விடியற்காலைப் பனியில் கூடும். சூடேறினால் அதிகமாகவும் ஆறினால் குறைவாகவும் கசிவது, மின்னணுச் சாமான்கள் செய்யும் சிலிக்கானின் குணம். ஃபியூஸ் பெட்டியைத் தொடாமல் எஞ்சின் மீதே உட்கார்ந்து சூடேறும் சிலிக்கான் எது?

டைனமோவின் டயோடுத் தட்டு.

இதை எழுதும்போது எனக்கு என்ன தோன்றுகிறது என்பதை 12-ஆம் தேதிக் குறிப்பைப் படித்தவர்கள் ஊகிக்கலாம்.

27 அக்டோபர், சற்றுக் கழித்து

ஆனால் ஏசி அளவு சுத்தமாக இருந்ததே என்று கேட்கிறார். நியாயமான கேள்வி. அந்தச் சோதனை அடியோடு அறுந்த டயோடையும் அடியோடு ஷார்ட் ஆன டயோடையும் காட்டிக்கொடுக்கும். டைனமோ முப்பது நாற்பது ஆம்பியர் தள்ளிக்கொண்டிருக்கும்போது அரை ஆம்பியர் பின்பக்கமாகக் கசிவது, வெள்ளத்தில் ஒரு குடம் எதிர்த்து ஓடுவதைப் போல, மீட்டருக்குத் தெரியாது. தவறான சோதனையில் தேர்ச்சி பெற்றதை வைத்து நான் நற்சான்று கொடுத்துவிட்டேன்.

உறுதிசெய்ய ஒரே வழி: முதலில் பேட்டரி மைனஸைக் கழற்றுங்கள், இதை மறந்தால் ஸ்பேனர் வெல்டிங் கம்பியாகிவிடும். பிறகு டைனமோ முதுகில் ரப்பர் மூடிக்குள் இருக்கும் தடி வயரின் நட்டைக் கழற்றி, வயர் நுனியில் டேப் சுற்றி ஓரமாக வையுங்கள். அதன்பின் பழையபடி மீட்டரைப் பிடியுங்கள். இந்த நிலையில் எஞ்சினைக் கிளப்பக் கூடாது.

29 அக்டோபர்

0.02.

30 அக்டோபர்

ஆக டைனமோதான். பெயர் தெரியாத அந்தத் தூத்துக்குடி எலக்ட்ரீஷியனுக்கு என் வணக்கம். பகல் காவலாளியை உதைத்தார் என்று கேலி செய்தேன். அந்தக் காவலாளியிடம்தான் இரவுச் சாவியும் இருந்திருக்கிறது.

கேலியை முழுவதும் திரும்பப் பெறவும் மனம் வரவில்லை. நண்பர் பில்லைத் தேடி எடுத்துப் படித்தார்: கார்பன் பிரஷ், பேரிங், கூலி. டயோடுத் தட்டைத் தொட்டதாக ஒரு வரியும் இல்லை. ஆள் சரியான வீட்டுக்குப் போய், திருடன் ஒளிந்திருந்த அறையை மட்டும் திறக்காமல் திரும்பியிருக்கிறார். நான் தெருவே மாறிப் போனேன். யார் கெட்டிக்காரர் என்பதை நீங்களே முடிவுசெய்யுங்கள்.

ஒரு திருத்தமும் உண்டு. டயோடு ஒன்று கசிந்தாலே பேட்டரி இறங்கும் என்று ஒருவருக்குப் பதில் எழுதியிருந்தேன், அது அரைகுறை. பொதுவாக உள்ளே ஆறு டயோடுகள், மூன்று பிளஸ் பக்கம், மூன்று மைனஸ் பக்கம். பேட்டரியிலிருந்து வரும் கரண்ட் பிளஸ் டயோடு ஒன்றைப் பின்பக்கமாகக் கடந்து, சுருள் வழியாக வந்து, மைனஸ் டயோடு ஒன்றையும் பின்பக்கமாகக் கடந்தால்தான் எர்த்தை அடையும். இரண்டு பக்கமும் களவாணிகள் வேண்டும். சில வகை டைனமோக்களில் சுற்றும் சுருளுக்குப் போகிற தனி வழியிலும் கசியலாம். எதுவாக இருந்தாலும் தட்டைக் கழற்றிச் சூடுகாட்டி அளந்தால்தான் தெரியும், ஆறிய நிலையில் நல்லபிள்ளை போல இருக்கும்.

3 நவம்பர்

நண்பர் உதிரிபாகத்துக்குக் காத்திருக்கிறார். நான் என் இடது பின்விளக்கைப் பிரித்தேன்.

முதலில் மீட்டர். பிரேக் பல்பைக் கழற்றிவிட்டு ஹோல்டரில் அளந்தால் 12.3 வோல்ட், பிரமாதம். பல்பைப் போட்டால் அரைகுறை வெளிச்சம். மாமா இந்த இடத்தில் மீட்டரைப் பிடுங்கி மேசையில் வைத்துவிட்டு டெஸ்ட் லாம்ப்பைக் கொடுப்பார். பழைய இண்டிகேட்டர் ஹோல்டரில் 21 வாட் பல்பு, இரண்டு வயர், ஒன்றின் முனையில் முதலைக் கிளிப், இன்னொன்றின் முனையில் பால்பாயிண்ட் பேனாக் குழாய்க்குள் செருகிய கோணி ஊசி. கடையின் மொத்த ஆராய்ச்சிக் கூடமும் அதுதான். மீட்டர் எதையும் இழுக்காது; பத்து இழையில் ஒன்பது அறுந்த வயரிலும் முழு 12 வோல்ட்டைக் காட்டும். பல்பு இரண்டு ஆம்பியர் கேட்கும். கேட்டால்தான் வயரின் யோக்கியதை தெரியும்.

ஊசியை பிளஸில் வைத்து, கிளிப்பைப் பின்விளக்கின் எர்த் வயரில் மாட்டினேன்: மங்கல். கிளிப்பைக் கழற்றி வண்டி உடம்பில் சுரண்டிய இடத்தில் மாட்டினேன்: பளீர். பிறகு மரியாதைக்காக மீட்டரும் வைத்தேன். பிரேக் மிதித்த நிலையில் எர்த் வயருக்கும் உடம்புக்கும் இடையே 5.8 வோல்ட். அங்கே 0.1 இருந்தாலே முகம் சுளிக்க வேண்டும்.

எர்த் போல்ட்டைக் கழற்றியபோது காரணம் கண்ணில் பட்டது. இரண்டு வருடத்துக்கு முன் அந்த மூலை இடிபட்டுப் பட்டறையில் ஒடுக்கு எடுத்தார்கள். போல்ட் துளையைச் சுற்றியும் அழகாகப் பெயின்ட் அடித்து, அதன்மேல் வயரின் வளையத்தை முறுக்கியிருக்கிறார்கள். இரண்டு வருடமாக என் பின்விளக்குகள் போல்ட்டின் புரி வழியாக மட்டுமே எர்த் குடித்துக்கொண்டிருந்தன. அந்தப் புரியும் துருப்பிடித்ததும் பிரேக் விளக்கின் கரண்ட் பக்கத்து பல்புகள் வழியாகத் திரும்பிப் போக வழி தேடியிருக்கிறது. இண்டிகேட்டர் ஒளிர்ந்த ரகசியம் அவ்வளவுதான். உப்புத்தாளால் உலோகம் தெரியத் தேய்த்து, முறுக்கி, மேலே வாசலின். பத்து நிமிட வேலை.

மனைவி பின்னால் நின்று பார்த்துவிட்டு, "இண்டிகேட்டர் எரிந்ததே நன்றாக இருந்தது" என்றாள்.

4 நவம்பர்

நேற்று டெஸ்ட் லாம்ப்பைப் புகழ்ந்ததற்கு ஒரு வேலி போட வேண்டும். அது விளக்கு, ஹாரன், ஃபேன், ரிலே மாதிரி முரட்டு வயர்களுக்குத்தான். எஞ்சின் கம்ப்யூட்டருக்குப் போகிற மெல்லிய சென்சார் வயர்களில் 21 வாட் பல்பைக் குத்தினால் கம்ப்யூட்டரின் கையை ஒடித்ததாக ஆகும். மஞ்சள் உறை போட்ட கப்ளர்கள், அதாவது வயர் இணைப்புகள், ஏர்பேக்குடையவை. அவற்றை விளக்காலும் மீட்டராலும் தொடவே கூடாது, முகத்தில் வெடிக்கும். மாமா காலத்தில் கம்ப்யூட்டரும் இல்லை, ஏர்பேக்கும் இல்லை, ஆகவே அவர் சொல்லவில்லை. எனக்குத் தெரிந்தும் நேற்று எழுத விட்டுப்போனது.

ரிலே பற்றிக் கேட்டவருக்குச் சுருக்கமாக: ஒரே வடிவ ரிலே பெட்டியில் இரண்டு இருந்தால் இடம் மாற்றிச் செருகிப் பாருங்கள், கோளாறும் கூடவே இடம் மாறினால் ரிலேதான். அடியில் இருக்கும் எண்கள் ஜெர்மன் தர வரிசையிலிருந்து வந்தவை: 30 பேட்டரியிலிருந்து வருவது, 87 சாமானுக்குப் போவது, 85-உம் 86-உம் சுருள். இடம் மாற்றும் முன் இரண்டிலும் எண்கள் ஒரே வரிசையில் இருக்கின்றனவா என்று பார்த்துவிடுங்கள்.

12 நவம்பர்

தட்டு மாற்றியாகிவிட்டது. அதே எலக்ட்ரீஷியனிடமே போயிருக்கிறார் நண்பர், எனக்கு அது பிடித்திருந்தது. விடியற்காலை 0.19, ஓட்டி வந்தால் 0.43 என்ற சீட்டை அவரிடம் காட்டினாராம். அவர் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதை முதலிலேயே கொண்டுவந்திருந்தால் அன்றைக்கே தட்டையும் பார்த்திருப்பேனே" என்றாராம். கூலி வாங்கவில்லை, தட்டுக்கு மட்டும் 1,450 ரூபாய்.

இப்போது சூட்டிலும் 0.02, ஆறினாலும் 0.02.

21 நவம்பர்

ஒன்பது நாள் நிறுத்திவைத்து இன்று காலை சாவியைத் திருப்பியிருக்கிறார். முதல் சுற்றிலேயே எடுத்தது. நிறுத்தியிருந்த பேட்டரியில் கிளப்பும் முன் 12.5 வோல்ட்.

பழைய பேட்டரிகள் இரண்டும் என்ன ஆயின என்று கேட்டேன். ஒவ்வொன்றையும் எடைக்குப் போட்டுப் புதியதில் சில நூறு ரூபாய் கழித்துக்கொண்டாராம். மூன்றே நாளில் காலியாவதும் திரும்ப ஏற்றுவதுமாக இருந்ததில் அவற்றின் ஆயுள் நிறையவே குறைந்திருக்கும்தான். ஆனாலும் எடைக்குப் போட்டபோது முதலாவது வாங்கி ஒன்பது மாதம்கூட ஆகியிருக்கவில்லை, வாரன்டி அட்டை இன்னும் அவர் மேசை இழுப்பறையில் இருக்கிறது.

என் வண்டியில் நேற்றிலிருந்து வலது ஹாரன் மட்டும் அடிக்கவில்லை. ஃபியூஸ் சரியாகத்தான் இருக்கிறது.